உரப்பையில் கட்டி வைத்த கசெட்டுகள்: ரெக்கோடிங் பார் அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணா,

போன கிழமை, ஒரு காலத்தில் கசெட்டில் பாட்டுப் பதிந்து தந்த உங்கள் கடைப்பக்கம் வந்தபோது நீங்கள் இல்லை. ஃபோன் கவர்கள் தொங்கும் சுவருக்குக் கீழே இரண்டு உரப்பைகளில் கசெட்டுகள் கட்டியிருந்தன. பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவருக்குக் கொடுக்கப்போவதாகக் கடையில் நின்ற தம்பி சொன்னான். வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை.

கடையில் கசெட் நிற்காததற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரே சீடியில் 150 எம்பி3 பாட்டு அடங்கியபோதே கசெட்டின் காலம் முடிந்துவிட்டது. அப்புறம் பென்டிரைவ், பிறகு ஃபோன். அமெரிக்காவின் பெஸ்ட் பை போன்ற பெரிய கடைகளே 2018இல் சீடி விற்பதைக் கைவிட்டபோது, திருகோணமலையில் ஒற்றைக் கதவுக் கடை என்ன செய்யும்?

எனக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்தது உங்கள் கடையில்தான். கொப்பி ஒற்றையில் பாட்டுகளை எழுதித் தந்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்போம். 90 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடக் கூடாதென்று மணிக்கூட்டைப் பார்த்துக் கூட்டிக் கழிப்பீர்கள். நாலு நிமிடம் மிஞ்சினால், நாங்கள் கேட்காத பாட்டொன்றை நீங்களாகவே போட்டுவிடுவீர்கள். இன்றைக்கும் நான் முணுமுணுக்கிற பாட்டுகளில் பாதி அப்படி வந்தவை. பிறகு யாரும் அழிக்காதபடி விளிம்பிலுள்ள இரண்டு சின்னத் துண்டுகளையும் உடைத்து, அட்டையில் பச்சைப் பேனாவால் எழுதித் தருவீர்கள்.

அந்தப் பச்சை எழுத்தைத்தான் அன்றைக்குப் பைக்குள் வாசித்தேன். சினிமாப் பாட்டு போனால் போகட்டும், அது ஃபோனில் இருக்கிறது. அடியில் கிடந்தவை வேறு: கோவில் திருவிழாவில் நீங்கள் பதிந்த மேளக் கச்சேரி, மூதூர்ப் பக்கத்துக் கூத்து, பாடசாலை விழாவில் பாடிய பிள்ளைகள். பழைய கறுப்பு இசைத்தட்டு மறுபடி வந்துவிட்டது என்கிறார்கள். மெய்தான், 2022இல் அமெரிக்காவில் சீடியைவிட இசைத்தட்டு கூடுதலாக விற்றது. ஆனால் அப்படித் திரும்பி வருவது கம்பனிகளிடம் மூலப்பதிவு இருக்கிற பாட்டு. நம் ஊர் மேளத்தின் மூலப்பதிவு உங்கள் உரப்பைக்குள் கிடக்கிறது.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நாடாவை, அதை வாசிக்கும் ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் துண்டு பசை காய்ந்து கழன்றிருந்தது. சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். இன்னும் கெட்டுப்போகவில்லை, சுருளைத் துடைத்து வேறு கூட்டுக்குள் மாற்றலாம். கடற்காற்றும் இன்னொரு மாரியும் பட்டால் என்ன ஆகுமென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

என்னிடம் ஓடுகிற கசெட் டெக் ஒன்று இருக்கிறது. 90 நிமிடக் கசெட்டைக் கணினியில் ஏற்ற 90 நிமிடம் ஆகும். பரவாயில்லை, இரவில் இருந்து செய்வேன். பிளாஸ்டிக்காரர் சொன்ன விலைக்கு மேலேயே தருகிறேன். ஞாயிறு காலை வருவேன், அதுவரை கொடுத்துவிடாதீர்கள். அட்டைகளையும் கழற்ற வேண்டாம். யார் வாசித்தது, எந்த வருஷத் திருவிழா என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உப்புவெளியிலிருந்து
உங்கள் பழைய வாடிக்கையாளன்