ரவை வறுபடும் நேரம்

கும்பகோணம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. மகள் வீட்டோடு டெல்லியில் குடியேறி மூன்று மாதமாகியும் உப்புமா மட்டும் ஊரில் வந்த பக்குவத்தில் வரவில்லை, கரண்டியை விட்டு இறங்காமல் பசையாக ஒட்டுகிறது என்று நீ எழுதியிருந்ததைப் படித்ததும், மற்றச் செய்திகள் இருக்கட்டும், முதலில் இதற்குப் பதில் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

உன் கைப்பக்குவம் எங்கும் போய்விடவில்லை. நீ வாங்கிய ரவைதான் வேறாக இருக்க வேண்டும். நாம் இங்கே பம்பாய் ரவை என்று கேட்டு வாங்குவது சற்றுப் பருமனான குருணை. அங்கே வெறுமனே சூஜி என்று கேட்டால், அல்வாவுக்கு ஏற்ற நைசான ரவையைக் கொடுத்துவிடக்கூடும். பொடி எவ்வளவு நைசோ அவ்வளவு வேகமாகத் தண்ணீரைக் குடித்துக் குழைந்துவிடும். ஆகையால் அடுத்த முறை மோட்டி சூஜி என்று சொல்லிக் கேட்டு வாங்கு. வீட்டில் இருப்பது வீணாக வேண்டாம் என்றால், ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் விடாதே. பருமனான ரவை என்றால் இரண்டரை டம்ளர் தாங்கும்.

ஆனால் தண்ணீரின் அளவைவிட நான் பெரிதாக நினைப்பது வறுப்பதைத்தான். ஒரு கரண்டி நெய் விட்டு, தீயைக் குறைத்து வைத்து, கை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பச்சை ரவை வாணலியில் கனமாகப் புரளும். வறுபட வறுபட இலேசாகி, உலர்ந்த மணலைப்போல் சரசரவென்று கரண்டியிலிருந்து வழுக்கும். வாசனை எழுந்து, நிறம் சிவக்கத் தொடங்குவதற்கு முந்தைய கணத்தில் தட்டில் கொட்டிவிட வேண்டும். அல்வாவுக்குச் சிவக்க வறுக்கும் பழக்கம் அங்கே உண்டு. உப்புமாவுக்கு அது ஆகாது, கசப்புத் தட்டிவிடும். நெய் ஒவ்வொரு மணியின் மேலும் படிவதாலும் சூட்டில் மணி இறுகுவதாலும், கொதிநீரில் விழுந்தவுடன் மாவுச்சத்து ஒரேயடியாக வெளிவந்து பசையாவதில்லை. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த முப்பது வருடமும், நேரமில்லை என்று நான் அரைகுறையாக வறுத்த ரவையைத்தான் வீட்டில் எல்லோரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள் என்பதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தாளிப்பு உனக்குத் தெரிந்ததுதான். இஞ்சியை மட்டும் தாராளமாகப் போடு. தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார். உப்புச் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தால்தான் ரவை சேர்ந்த பிறகு சரியாக நிற்கும். பிறகு தீயைத் தணித்து, ஒரு கையால் ரவையைச் சாரலாகத் தூவிக்கொண்டே மறு கையால் கிளற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் கட்டியின் மேற்புறம் வெந்து மூடிக்கொண்டு உள்ளே மாவு பச்சையாகவே தங்கிவிடும். மூடி போட்டு நான்கு நிமிடம், அடுப்பை அணைத்த பிறகு இன்னும் ஐந்து நிமிடம். அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் திறந்து பார்க்காதே.

இதையெல்லாம் நான் இவ்வளவு கவனமாகக் கற்றுக்கொண்டது அப்பாவால்தான். போன மாதம் வந்த காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு இட்லிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு டம்ளர் ரவைக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, மிளகாய்க்குப் பதிலாக மிளகைத் தட்டிப் போட்டுக் குழைவாகச் செய்து கொடுத்தேன். நான்காம் நாள், இன்னும் கொஞ்சம் வை என்று அவரே கேட்டார். கிண்ணத்தோடு அடுக்களைக்குத் திரும்பிச் சற்று நேரம் அழுதுவிட்டுத்தான் மறுபடி எடுத்துப்போனேன். இப்போது நடமாடுகிறார். நேற்றுக் கத்தரிக்காய் கொத்சு வேண்டும் என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டார்.

விடுதியில் நீ உப்புமாவுக்குச் சர்க்கரை தொட்டுக்கொண்டு சாப்பிடுவாயே, உன் பேரனும் அப்படித்தான் கேட்கிறானா? பருமனான ரவை கிடைத்ததா, எப்படி வந்தது என்று உடனே எழுது. அப்பா உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி