அணைக்கரையில் பெரியம்மா பாடியது

அன்புள்ள மச்சான்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிர் கூடினால் மக்கர் பண்ணுகிறது. நீ அனுப்பிய பேரீச்சம்பழத்தைப் பிள்ளைகள் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள். எட்டு மாதமாக ஒரு வரியும் எழுதாமல் இருந்தது என் பிழைதான், மன்னித்துக்கொள். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ ஷிப்ட் முடிந்து வந்து கொட்டாவி விடுகிற நேரத்தில் இதைத் தொடங்க மனம் வரவில்லை.

நான் பாட்டுக் குழுவை விட்டுவிட்டேன்.

நம் பழைய குழு 2020இல் கொரோனாவோடு படுத்ததும், 2022இல் கரண்ட் 13 மணித்தியாலம் வரை போன நாட்களில் அண்ணன் கீபோர்டை விற்றதும் உனக்குத் தெரியும். அதன்பிறகு ஹட்டன் பக்கம் ஒரு கல்யாணக் குழுவில் சேர்ந்தேன். மூன்று பைலா ஆட்டப் பாட்டுக்கு ஒரு நாட்டுப்பாட்டு, அதுவும் இரண்டு நிமிஷத்துக்குள். சரி, பிழைப்பு என்று இருந்தேன். போன தையில் ஒரு கல்யாணத்தில் தப்பு மேளத்தைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினேன். வீட்டுக்காரர் ஒருவர் ஓடி வந்து, "தம்பி, அந்தச் சாவு மேளத்தை இறக்குங்க" என்றார். இறக்கினேன். ஐந்து நிமிஷம் கழித்து நம் பையன் அதே அடியை ஒக்டபேட் என்கிற மின் மேளத்தில் போட்டான், அதே தப்புச் சத்தத்தில். முதலில் எழுந்து ஆடியவர் அந்த மனிதர்தான். சத்தம் வேண்டுமாம், தோலும் அதைத் தொடுகிற கையும் வேண்டாமாம். அது யாருடைய கை என்று நினைத்துச் சொன்னார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். வேனில் திரும்பி வரும்வரை நான் யாரோடும் பேசவில்லை. மறுநாளே இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் வீட்டிலேயே ரெக்கோர்டிங் செய்யத் தொடங்கினேன். லயத்தின் கடைசி அறையான நம் தொங்கல் காம்பராவில், நாம் பள்ளிக்கூடக் காலத்தில் ஒளிந்து பீடி குடித்த அதே மூலையில். மச்சினனின் பழைய லெப்டொப், இரண்டு மைக் செருகுகிற சின்ன இன்டர்பேஸ், காசு கொடுக்காமல் கிடைக்கிற ஓடாசிட்டி என்கிற ரெக்கோர்டிங் மென்பொருள். முதலில் 48 வோல்ட் கேட்கிற கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினேன். நல்ல மைக்தான். தோட்டத்து வரிசை வீடான நம் லயத்துக்கு அது ஆகாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, மேலே தகரம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். பக்கத்து வீட்டு நாடகம், குக்கர் விசில், நாய், எல்லாம் பாட்டுக்குள் வந்துவிட்டன. அதை விற்று, வாய்க்கு அருகில் வருவதை மட்டும் பிடிக்கிற சாதாரண டைனமிக் மைக்குக்கு மாறினேன். மூன்று பக்கமும் கம்பளியைத் தொங்கவிட்டேன். இரவு பத்துக்குப் பிறகுதான் வேலை. தென்மேற்கு மழை பிடித்தால் அதுவும் கிடையாது. தகரத்தில் விழுகிற மழையை எந்தக் கம்பளியும் தடுக்காது.

பெரியம்மாவைப் பாட வைத்தேன், மச்சான். நம் பெரியம்மாதான், உன் சட்டையைக் கிழித்த அதே பெரியம்மா! குழுவில் பழகிய புத்தி, காதில் ஹெட்போனை மாட்டி, டிக் டிக் என்று தாளம் சொல்கிற மெட்ரோனோமைப் போட்டேன். "எவனோ காதுக்குள்ள சுத்தியல் அடிக்கிறான்" என்று கழற்றி வைத்துவிட்டார். தாலாட்டு ஓடவே இல்லை. பிறகு உத்தரத்தில் பழைய சீலையால் தொட்டில் கட்டி, என் சின்னவளைப் போட்டுக் கயிற்றைப் பெரியம்மா கையில் கொடுத்தேன். அவ்வளவுதான். தொட்டில் போகிற தூரத்துக்கு வரி நீண்டது, திரும்பும்போது சுருங்கியது. சின்னவள் கண்ணசரக் கண்ணசரப் பாட்டின் வேகமும் குறைந்தது. கயிறு உத்தரத்தில் உரசுகிற சத்தமும் பதிவாகியிருக்கிறது. அதை நான் வெட்டவில்லை. இத்தனை வருஷம் மேடையில் இந்தப் பாட்டை எவ்வளவு வேகமாக ஓட்டியிருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு அழுகை வந்தது.

ஒப்பாரிக்குத்தான் பெரும்பாடு. சாவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் கழித்து அவரே, "மவுஸ்ஸாக்கலையில் தண்ணி வத்தியிருக்கு, பழைய கோயில் தெரியுது, அங்க வா" என்றார். 1969இல் அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊர் அவர் சின்ன வயதில் நடந்த ஊர். சேறு காய்ந்து வெடித்துக் கிடந்த கரையில் உட்கார்ந்து, கோயிலைப் பார்த்துக்கொண்டே பாடினார். காற்று பலமாக அடித்தது. என் கம்பளித் தொப்பியைக் கழற்றி மைக்குக்கு மாட்டினேன். அப்பாயியைச் சொல்லி அழுதார், பெரியப்பாவைச் சொல்லி அழுதார், கடைசியில் அந்த ஊரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். பதினொரு நிமிஷம். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "வீட்டுல இதப் போட்டுக் கேக்காத" என்றார். இந்தக் கடிதத்தோடு வருகிற மெமரி கார்டில் அது இருக்கிறது. நீயும் அறைக்குள் கேட்காதே, வெளியே போய்க் கேள்.

நம் மலையக எழுத்தாளர் ஸி.வி. வேலுப்பிள்ளை ஐயா தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்து வைத்துவிட்டுப் போனதால் வார்த்தைகளாவது நமக்கு மிஞ்சின. தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மை, மக்களுக்குத் தெரிந்த மெட்டில் பாட்டுக் கட்டிக் கூட்டத்தில் பாடியதை வாசித்திருக்கிறோம். அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். வரி தாளில் நிற்கும். பெரியம்மா எந்த இடத்தில் மூச்சை விட்டார், எந்த இடத்தில் குரலை உடைத்தார் என்பது தாளில் வராது. எனக்கு இப்போது இதைத் தவிர வேறு நினைப்பில்லை. கொழும்பிலிருந்து ஒருவர் பாட்டைக் கொடுங்கள், பீட் போட்டுத் தருகிறேன் என்றார். கொடுக்கவில்லை.

இனி உன் விஷயம். தப்புக்காரத் தாத்தாவுக்குக் கை நடுங்குகிறது, குச்சி நிற்கவில்லை. மாசியில் ரதி மதன் கதையை ஆடுகிற காமன் கூத்தின் தப்பு அடிகளை வாயால் சொல்லச் சொல்லிப் பதிந்து வைத்திருக்கிறேன். ரதி வருகிற அடியும் மதன் வருகிற அடியும் என் கையில் இருக்கின்றன. காமனை எரிக்கிற இரவுக்குரிய அடி எனக்குச் சரியாக வரவில்லை. தாத்தா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி, "அது அவன் கையில இருக்கு" என்றார். உன்னைத்தான் சொன்னார்.

மாசிக்கு லீவு கேள். பனியில் தோல் கால் மணித்தியாலத்தில் தளர்ந்துவிடுகிறது, ஒரு தடவை நெருப்பில் காய்ச்சினால் ஒரு தடவைதான் பதியலாம், அதனால் இரண்டு மூன்று இரவாவது வேண்டும். உன் தப்பை நான் அடுப்புக்கு மேல் பரணில்தான் வைத்திருக்கிறேன், வளையம் நல்லபடியாக இருக்கிறது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து திருத்துகிற நிலையில் இருக்கும்போதே வந்துவிடு. டிக்கெட் போட்டதும் சொல், நான் ஹட்டன் ஸ்டேஷனுக்கு வருகிறேன்.

உன்,
தொங்கல் காம்பராக்காரன்