பூ விற்ற பெண்

குடியாத்தம்,
வைகாசி மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய நாள் கிடைத்தது. திண்ணை வரை உறவினர் கூட்டம் நிறைந்திருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. வெயிலைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. கவுண்டன்ய ஆற்றில் வழக்கம்போல மணல்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் ஊர்வலத்தைப் பார்த்தே தீருவேன் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பெரியவன் கல்லூரி விடுமுறையில் வீட்டோடு இருக்கிறான்.

உன் கடிதத்தின் பெரும்பகுதி வேறொன்றைப் பற்றியது. என் மனைவி உன் வீட்டாரிடம் போனில் சொன்னதை வைத்துக்கொண்டு, ஐம்பதை எட்டப்போகும் கணக்கு வாத்தியார் ஒருவன் கைப்பேசி விளையாட்டில் ஒரு பொம்மைப் பெண் இறந்ததற்காகச் சோற்றுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனானாமே என்று பாதிப் பக்கத்துக்குக் கேலி செய்திருந்தாய். படித்து நானும் சிரித்தேன். ஆனால் அதற்கு அடியில், அப்பா போனபோதுகூட நீ அழுது நான் பார்த்ததில்லையே என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தாய். அந்த வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் ஃபைனல் ஃபேன்டஸி 7. ஜப்பானின் ஸ்கொயர் நிறுவனம் 1997 ஜனவரியில் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்டது. இப்போது கைப்பேசியிலேயே கிடைக்கிறது, பெரியவன்தான் இறக்கிக் கொடுத்தான். எதிரே வருபவர்களையெல்லாம் சுட்டுத் தள்ளும் வகை அன்று. நெடுங்கதை ஒன்றுக்குள் கிளவுட் என்ற கூலிப்படை வீரனாக நாம் நுழைந்து, வழியில் சேரும் கூட்டாளிகளோடு ஊர் ஊராகப் போக வேண்டும். சண்டை வந்தால் மூன்று பேர் வரிசையில் நிற்பார்கள். அப்படிச் சேர்பவர்களில் ஒருத்தி ஏரித். பழைய ஆங்கிலப் பதிப்பில் ஏரிஸ் என்றிருக்கும். மிட்கர் என்ற பெருநகரத்தின் இரும்புத் தளத்துக்குக் கீழே, வெயிலே எட்டாத சேரியில், இடிந்த தேவாலயம் ஒன்றின் தரையில் பூக்கள் மலர்கின்றன. அவற்றைப் பறித்துத் தெருவில் விற்பவள் அவள்.

நீ எழுதியிருப்பதுபோல இவர்கள் பொம்மைகள்தாம். பழைய விளையாட்டு ஆதலால் முகத்தில் கண்ணைத் தவிர ஒன்றும் சரியாகத் தெரியாது, கைகள் மரக்கட்டைகள்போல இருக்கும், குரல் கிடையாது, பேச்செல்லாம் எழுத்தாகவே வரும். அப்படியானால் துக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கும் வியப்பாக இருந்தது, யோசித்துப் பார்த்ததில் அது பெரும்பாலும் உழைப்பிலிருந்து வந்தது என்றே தோன்றுகிறது. ஏரித் பலம் குறைந்தவள். கையில் ஒரு கோல் மட்டும்தான், அடித்தால் எதிரிக்கு உறைக்காது. ஆனால் மற்றவர்களின் காயத்தை ஆற்றுவதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. மெட்டீரியா என்னும் மந்திரக் கற்களில் நல்லவற்றை அவளுடைய கோலிலேயே பதித்தேன். கையிலிருந்த பணத்தை அவளுக்குக் காப்பு வாங்கவே செலவழித்தேன். கிளவுட் விழப்போகும் தறுவாயில் என் கட்டைவிரல் தானாகவே அவள் பெயருக்குப் போகும். அவளுக்கென்று உள்ள திறமைகளில் கடைசியானது மிகப் பெரியது. மற்றவற்றையெல்லாம் கற்பித்த பிறகு, உறங்கும் மனிதன் ஒருவனிடம் ஓர் உலோகத்தைப் பெற்று, வேறோர் இடத்திலுள்ள ஆயுத வியாபாரியிடம் கொடுத்துத்தான் அதை அடைய முடியும். நான் அதற்காக அலைந்துகொண்டிருந்தபோது பெரியவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். முடிவை அறிந்தவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுடைய இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. வாய் ஓயாத பிள்ளை.

பிறகு ஒரு கட்டத்தில் அவள் யாரிடமும் சொல்லாமல் தனியே புறப்பட்டுப் போய்விடுகிறாள். பண்டைய இனத்தார் கைவிட்டுப் போன நீர்சூழ் நகரம் ஒன்றின் அடியில், பலிபீடம் போன்ற மேடையில் அவள் மண்டியிட்டு வேண்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். இந்த இடத்தை எழுதியவர்கள் செய்த தந்திரத்தை உனக்குச் சொல்லியாக வேண்டும். கிளவுட் அவள் எதிரில் போய் நின்றதும் கட்டுப்பாடு நம் கையில் தரப்படுகிறது. ஆனால் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கிளவுட் சிறிது சிறிதாக வாளை உருவி அவள்மீதே ஓங்குகிறான். செஃபிராத் என்ற பகைவன் அவன் மனத்தை ஆட்டிவைக்கிறான் என்பது கதைக் காரணம். எனக்கோ என் விரல்தான் வாளைத் தூக்கியதாகத் தோன்றியது. உடன் வந்தவர்கள் கத்துகிறார்கள், அவன் தெளிந்து நிறுத்திவிடுகிறான், நாமும் மூச்சு விடுகிறோம். அப்போது செஃபிராத் மேலிருந்து இறங்கி அவள் முதுகில் வாளைப் பாய்ச்சுகிறான். அவள் தலைமுடியில் முடிந்து வைத்திருந்த வெள்ளை மெட்டீரியா தரையில் விழுந்து, துள்ளித் துள்ளி உருண்டு, நீருக்குள் போகிறது.

உடனே ஒரு சண்டை தொடங்குகிறது. எல்லாச் சண்டைகளுக்கும் உரிய முழக்க இசை அப்போது எழவில்லை. நொபுவோ உயேமாட்சு அவளுக்கென்று அமைத்த மெல்லிய இசையே ஓடிக்கொண்டிருக்க, நாம் வழக்கம்போல ‘தாக்கு’ என்பதை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். அது முடிந்தபின் கிளவுட் அவளைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குள் இறங்கி, கைகளை விடுகிறான். சாப்பாட்டுத் தட்டு என் முன்னால் இருந்தது அப்போதுதான்.

நீ கேட்கக்கூடிய கேள்வியை அந்தக் காலத்திலேயே ஆடியவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். சண்டையில் விழுந்தவரை எழுப்ப இந்த விளையாட்டில் ஃபீனிக்ஸ் இறகு என்று ஒரு பொருள் உண்டு, என் பையில் அது நிறையவே கிடந்தது. அதை ஏன் அவளுக்குக் கொடுக்க முடியவில்லை? சண்டையில் விழுவதை மயக்கம் என்றும் இதை மரணம் என்றும் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இயக்குநர் யோஷினோரி கிடாசே இதைப் பற்றி ஒரு பேட்டியில் பேசியிருக்கிறார். காதலுக்காக ஒருவர் உயிரைக் கொடுத்து உருக்கமாக விடைபெறும் திரைப்பட மரணத்தைத் தாங்கள் வேண்டாமென்று ஒதுக்கியதாகவும், உண்மையில் மனிதர்கள் நோயிலும் விபத்திலும் திடீரென்று போய்விடும்போது எஞ்சுவது வெறுமையும், இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்துகொண்டிருப்போமே என்ற நினைப்பும்தான், அதையே தர விரும்பியதாகவும் சொல்கிறார். இந்தத் தொடரைத் தொடங்கிய ஹிரோனொபு சகாகுச்சி, மூன்றாம் பாகம் உருவாகிவந்த காலத்தில் தன் தாயை இழந்தவர். உயிர் என்பது என்ன என்ற கேள்வி அதன்பின் அவரை விடவில்லை, ஏழாம் பாகத்தின் கதைக்கருவாகவும் அதுவே ஆயிற்று.

வெறுமை என்று கிடாசே சொல்வதை நான் அடுத்த நாள்தான் உணர்ந்தேன். அவளுக்குத் தந்திருந்த கற்கள் எல்லாம் என் கைக்குத் திரும்பி வந்திருந்தன. ஒருவர் போனபின் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் காகிதப் பையில் போட்டு மருத்துவமனையில் தருவார்களே, அதைப் போல. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அவள் முகம் இல்லை. முதல் சண்டையிலேயே கிளவுட்டுக்கு அடிபட்டது, கட்டைவிரல் அவள் பெயர் இருந்த வரிக்குப் போயிற்று, அங்கே வேறு ஒருவன் இருந்தான். முந்தைய நாள் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. மனைவி பார்த்தது அதைத்தான். சோற்றுத் தட்டுக் கதையோடு இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள்.

இனி அப்பாவைப் பற்றி. வேலூரிலிருந்து உடலை எடுத்து வந்த இரவு முதல் எனக்கு அழ நேரமிருக்கவில்லை. வண்டிக்காரருக்குப் பணம், ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்புவது, மேளம், பாடை, வந்தவர்களுக்குக் காபி, யார் முறை செய்வது என்று சித்தப்பாக்களுக்குள் எழுந்த சச்சரவு என எல்லாம் என் தலையில்தான் விழுந்தன. நீயும் கூடவே நின்று ஓடினாய், அதனால் உனக்கே தெரியும். நீ கிளம்பிப் போன பிறகு, கருமாதிக்கு முந்தைய இரவு நம் பக்கத்து வழக்கப்படி கர்ண மோட்சம் கூத்து வைத்தோம். அப்பாவுக்குப் பிடித்த கூத்து அது என்பது உனக்கு நினைவிருக்கும். விடியற்பொழுதில் கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற்றுக் களத்துக்குப் புறப்படும் கட்டத்தில், முகவீணை இழுத்த இழுப்பில், பந்தலின் ஓரத்தில் நின்று நான் நன்றாக அழுதேன். அழுதது அப்பாவுக்காகத்தான், கர்ணன் அதற்கு இடம் கொடுத்தான். கூத்து வைப்பதன் நோக்கமும் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, இந்த விளையாட்டிலும் நீ அப்பாவை நினைத்துத்தான் அழுதிருப்பாய் என்று பதில் எழுதிவிடாதே. பெரியவனும் என்னிடம் அப்படித்தான் சொன்னான், நான் மறுத்தேன். இங்கே நான் அழுதது அந்தப் பூக்காரப் பெண்ணுக்காகவேதான். கூத்தில் கர்ணன் சாவான் என்பது பாய் விரிக்கும்போதே எல்லாருக்கும் தெரியும். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அபிமன்யு விழும்போது ஆண்டுதோறும் அதே கிழவிகள் அதே இடத்தில் மூக்கைச் சிந்துகிறார்கள். அவர்கள் கைகளுக்கு அங்கே வேலை இல்லை, அபிமன்யுவைச் சக்கர வியூகத்துக்குள் அனுப்பியவர்களும் அவர்கள் இல்லை. என் கைக்கோ இத்தனை நாளும் வேலை இருந்தது. அவளைப் பேணி வளர்த்ததும், நடத்திப் போனதும், கடைசியில் அந்த மேடை வரை வாளோடு போய் நின்றதும் இந்தக் கைதான். பார்த்த துக்கத்துக்கும் கை அறிந்த துக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் இதற்குமுன் எந்தக் கதையிலும் உணர்ந்ததில்லை.

பெரியவனுக்கு வேறு கருத்து. கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007-இல் வெளியிட்ட மாஸ் எஃபெக்ட் விளையாட்டில், விர்மயர் என்ற கோளில் இரு கூட்டாளிகளில் ஒருவரை மட்டுமே காப்பாற்ற முடியும், யாரை என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். அந்த மரணமே பெரியது, ஏனெனில் அதன் பொறுப்பு நம்முடையது என்கிறான். எனக்கு அது ஒப்பவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னவுடனே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது, யார் அதிகம் பயன்படுவார் என்று. கணக்கு வாத்தியாரான எனக்கே அது பிடிக்கவில்லை என்றால் பார்த்துக்கொள். போதாக்குறைக்கு, முன்பு சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மற்றவரையும் காப்பாற்றிப் பார்க்கலாம். ஃபயர் எம்பிளம் என்று 1990-இல் தொடங்கிய இன்னொரு தொடரில், விழுந்த வீரன் விழுந்தவன்தான், திரும்ப வரமாட்டான். ஆனால் ஒருவன் விழுந்த கணமே ஆட்டத்தை நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவதுதான் பலருடைய வழக்கமாக இருந்திருக்கிறது. 2010-இல் மரணமே இல்லாத எளிய முறை ஒன்றையும் சேர்த்துவிட்டார்கள். இப்படித் திரும்பப் பெறக்கூடியதை மரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏரித்தை எங்கே சேமித்து எத்தனை முறை திரும்பி வந்தாலும் காப்பாற்ற முடியாது.

முடியாது என்பதைத்தான் ஆடியவர்கள் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார்கள். அவளை எழுப்ப ஒளிந்த வழி ஒன்று இருக்கிறது, இன்ன பொருளை இன்ன இடத்தில் கொடுத்தால் வருவாள் என்று வதந்திகள் உலவிக்கொண்டே இருந்தன. பின்னால் அந்தத் தேவாலயத்துக்குத் திரும்பிப் போனால் அவள் உருவம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. அதுவும் வதந்திக்கு உரமாயிற்று. இதைப் பெரியவன் சொல்லிக்கொண்டிருந்தபோது வாசலில் சிரசு வந்தது. ரேணுகையின் வெட்டுண்ட தலையை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து மாலைகளுக்கு நடுவே தூக்கி வந்து, கெங்கையம்மன் கோயிலில் உடலோடு பொருத்துவதைப் பார்க்கத்தானே இத்தனை ஆயிரம் பேர் கூடுகிறார்கள்? அவ்வளவு பேருக்கும் வேண்டியிருப்பது அதுதான். ஜப்பான்காரர்கள் அதைத் தர மறுத்துவிட்டார்கள். அண்மைக் காலத்தில் கதையைப் புதிதாக எடுத்து 2020-இல் ஒரு பாகமும் 2024-இல் இன்னொன்றும் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் இதே கட்டம் வருகிறதாம், நடந்ததா இல்லையா என்று குழப்பும் வகையில். அதை ஆட எனக்கு விருப்பம் எழவில்லை.

ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவளை ஏரியில் விட்டு வந்த சிறிது நேரத்திலேயே, பனிமலையில் பலகைமீது நின்று சறுக்கி விளையாடும் கட்டம் ஒன்று வருகிறது. எனக்கு ஆத்திரம் வந்து அணைத்துவிட்டேன். பிறகு அப்பாவின் பதினாறாம் நாள் இலையில் நான் இரண்டாம் முறை வடை கேட்டு வாங்கித் தின்றதை நினைத்து மறுபடியும் ஆடத் தொடங்கினேன்.

உன் மகளும் இந்த விளையாட்டைக் கேட்கிறாள், வாங்கித் தரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வாங்கிக் கொடு. ஆங்கிலம் நன்றாகப் படிக்கும் பெண், கதையை அவளே தொடர்ந்துகொள்வாள். யாரை அணியில் வைத்துக்கொள்வது, யாருக்கு எதைக் கொடுப்பது என்று உன்னிடம் யோசனை கேட்டால் எதுவும் சொல்லாதே. பெரியவனிடமும் கேட்க விடாதே, இந்த முறை அவன் உளறிவிடக்கூடும். இந்தக் கடிதத்தையும் அவள் கண்ணில் படாத இடத்தில் வை.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல். ஆடிக் கிருத்திகைக்கு இந்தப் பக்கம் வருவாயானால் முன்கூட்டியே எழுது.

இப்படிக்கு,
உன் அன்பு நண்பன்.