குடியை நிறுத்திய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ குடியை நிறுத்திய பிறகு உன் பேச்சிலும் நடையிலும் வந்திருக்கும் தெளிவைப் பார்த்து அம்மா இப்போதுதான் நிம்மதியாக உறங்கத் தொடங்கியிருக்கிறாள். அவள் முன்னால் கேட்க மனம் வராததால் எழுதுகிறேன். உறக்கம் வராத இரவுகளுக்கென்று நண்பர் ஒருவர் கொடுத்த தூக்க மாத்திரை, ஒன்றாக இருந்தது இரண்டாகிவிட்டது என்று நீயே சொன்னாய். கைப்பேசியில் பந்தயம் கட்டுவதை மட்டும் நீ சொல்லவில்லை. நான் அறைக்குள் வந்ததும் திரையை அணைத்துவிட்டாய். போதை மீட்பு வார்டில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருப்பவள் என்ற முறையிலும், உன் அக்கா என்ற முறையிலும், இவ்விரண்டையும் பற்றி மனதில் உள்ளதைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

முதலில் மாத்திரை. மது, மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்ற வேதிப்பொருளைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் வழியாக நரம்புகளின் துடிப்பைத் தணிக்கிறது. நீ விழுங்கும் பென்சோடயாசெபைன் வகை மாத்திரையும் அதே ஏற்பிகளில்தான் செயல்படுகிறது. குடியை நிறுத்தும் முதல் நாட்களில் வலிப்பு வராமல் தடுக்க, எங்கள் வார்டில் மருத்துவர் அதைக் குறுகிய காலத்துக்குக் கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவார். அளந்து கொடுக்கும்போது காப்பாற்றும் அந்த ஒற்றுமையே, கேட்பாரின்றி எடுக்கும்போது மதுவின் இடத்தில் மாத்திரையை உட்கார வைத்துவிடுகிறது. அதற்காக இன்றிரவே தூக்கி எறிந்துவிடாதே. நாள்தோறும் பல வாரங்கள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், நிறுத்தியதனாலேயே வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் அது குறைய வேண்டும்.

ஒரு போதையை இன்னொன்றால் விரட்டலாம் என்ற நம்பிக்கை, கற்றறிந்தவர்களையே ஏமாற்றியிருக்கிறது. சிக்மண்ட் ஃப்ராய்டு 1884இல் கோகெய்னைப் புகழ்ந்து எழுதிய காலத்தில், மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த தன் நண்பரும் மருத்துவருமான ஃப்ளைஷ்ல்-மார்க்ஸோவுக்கு அதையே மருந்தாகப் பரிந்துரைத்தார். நண்பர் கோகெய்னுக்கும் அடிமையாகி, 1891இல் இறந்தார். 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமல் மருந்தாக, அடிமைப்படுத்தாத ஒன்றாக விற்றது. அதன் பின் நடந்ததை உலகம் அறியும்.

இதைப் படித்துவிட்டு, மருந்தால் நடக்கும் சிகிச்சை எல்லாமே ஒரு போதையின் இடத்தில் இன்னொன்றை வைக்கும் இடமாற்றம்தான் என்று எண்ணிவிடாதே. மார்ஃபின், ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு அடிமையானவர்களுக்கு மெதடோனும் புப்ரெனார்ஃபினும் மருத்துவக் கண்காணிப்பில், நிலையான அளவில் தரப்படுகின்றன. அவை ஏக்கத்தைத் தணித்து, மரணங்களையும் குறைக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இவ்விரண்டையும் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்தது. அவற்றை எடுப்பவர்களைப் பார்த்து 'இன்னும் போதையில்தான் இருக்கிறார்' என்று சிலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பந்தயத்தைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும்: உடலுக்குள் எதுவும் போகவில்லையே, இதில் என்ன போதை? 1954இல் ஓல்ட்ஸ், மில்னர் என்ற ஆய்வாளர்கள் எலிகளின் மூளைக்குள் மெல்லிய மின்முனையைப் பொருத்தி, நெம்புகோலை அழுத்தினால் சிறு மின்தூண்டல் கிடைக்கும்படி செய்தபோது, சில எலிகள் அதை மணிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தின. அங்கே போதைப்பொருள் எதுவும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாடு, 2013இல் சூதாட்டக் கோளாறை மதுவும் போதைப்பொருளும் உள்ள அதே பிரிவில் வைத்தது. வெல்வோமா தோற்போமா என்று தெரியாத அந்த நொடிதான் மூளையைக் கட்டிப்போடுகிறது. உனக்கு இப்போது ஆபத்து கூடுதல்: குடியை விட்ட முதல் மாதங்களில் மூளையின் மகிழ்ச்சி அமைப்பு மந்தமாகவே இருக்கும், இசையும் நண்பர்களின் பேச்சும் சப்பென்று தோன்றும். அது மெல்லத் திரும்பும் என்பதை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். திரும்புவதற்குள், சட்டென்று ஓர் எழுச்சியைத் தருவது எதுவானாலும் அதன் பக்கம் கை போகிறது.

உன் காலை ஓட்டத்தையும் சந்தேகிக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. முழங்கால் வலித்தபோது நீ இரண்டு நாள் ஓய்வெடுத்தாய்; உனக்குப் பதற்றம் வரவில்லை, யாரிடமும் மறைக்கவும் இல்லை. ஒரு பழக்கத்தை எடைபோட, எதைச் செய்கிறோம் என்பதைவிட, எதை உணராமல் இருப்பதற்காகச் செய்கிறோம் என்று கேட்பதே நல்லது. தனிமையை, அவமானத்தை, வெறுமையான மாலை நேரத்தை மறைப்பதற்காகவே ஒன்று வளர்ந்துகொண்டே போகிறது என்றால், அது உடற்பயிற்சியாக இருந்தாலும் வேலையாக இருந்தாலும் பழைய நோயின் வேலையைத்தான் செய்கிறது.

'குடிக்காமல் இருக்கிறானே, அது போதும்' என்று உன்னைச் சுற்றியிருப்பவர்கள் ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பில் வில்சன், 1934இல் குடியை விட்டபின் இறுதிவரை மதுவைத் தொடவில்லை. ஆனால் நெடுங்காலம் புகைத்து, நுரையீரல் சிதைந்து 1971இல் இறந்தார்.

இடமாற்றம் எல்லோருக்கும் விதிக்கப்பட்டதும் அல்ல. அமெரிக்காவில் பெருந்திரளான மக்களிடம் சுமார் மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை எடுத்த தரவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், ஒரு போதையிலிருந்து மீண்டவர்களில் ஏறத்தாழ 13 சதவீதத்தினரே புதிய ஒன்றில் சிக்கியிருந்தார்கள். மீளாதவர்களிடம் அது 27 சதவீதம். மீள்வதற்காகக் கற்றுக்கொள்வது அடுத்ததற்கும் கைகொடுக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். குடி ஏக்கம் வந்தபோது, பசியா, கோபமா, தனிமையா, களைப்பா என்று உன்னையே கேட்டுக்கொள்ளப் பழகினாய் அல்லவா? பந்தயச் செயலியைத் திறக்கும் முன்பும் அதையே கேள். திறந்துவிட்டாலும் அன்றே யாரிடமாவது சொல்.

சனிக்கிழமை காலை மருத்துவரிடம் நேரம் கேட்டு வைக்கிறேன். மாத்திரை அட்டையை அப்படியே எடுத்து வா. எத்தனை எடுத்தாய் என்பதைக் குறைத்துச் சொல்லாதே, அந்தக் கணக்கை வைத்துத்தான் அவர் அளவைத் தீர்மானிப்பார். பந்தயத்தில் போன பணத்தைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. ஆலோசகரிடம் மட்டும் முழுத் தொகையையும் சொல்லிவிடு. செயலியிலிருந்து உன் கணக்கை நிரந்தரமாக விலக்கும் கோரிக்கையை அன்று மாலை இருவரும் சேர்ந்து அனுப்பலாம். சம்மதமா என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா