அந்தப் பாட்டை எழுதியவர் டாலி பார்ட்டன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இசைப் பக்கத்தில் அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான டாலி பார்ட்டனைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆவலோடு வாசிக்கத் தொடங்கினேன். அவர் பிறந்து வளர்ந்த, டென்னசி மாநிலத்து ஸ்மோக்கி மலையடிவாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருபது ஆண்டுகளாகக் குடியிருப்பவள் நான். அவர் பெயரைத் தமிழ் அச்சில் கண்டதே எனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அந்த மகிழ்ச்சி இரண்டாம் பத்தியைத் தாண்டவில்லை. "விட்னி ஹூஸ்டனின் புகழ்பெற்ற பாடலைத் தானும் பாடிப் பெயர் பெற்றவர்" என்று அங்கே ஒரு வரி இருந்தது.

அந்த வரி சொல்லும் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' டாலி 1973-இல் எழுதிய பாட்டு என்பது தாங்கள் அறியாததல்ல. தம்மைத் தன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்த்து ஏழாண்டுகள் உடன் பாடவைத்த பாடகர் போர்ட்டர் வேகனரிடமிருந்து விலக முடிவு செய்தபோது, பேசினால் வாக்குவாதத்தில்தான் முடியும் என்றெண்ணி, சொல்ல வேண்டியதையெல்லாம் பாட்டாக எழுதிக்கொண்டுபோய் அவர் முன்னால் பாடிக் காட்டினார். 1974-இல் அது கண்ட்ரி எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையின் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1982-இல் அவரே மறுபடி பாடியபோதும் முதலிடம் பிடித்தது. விட்னி ஒரு திரைப்படத்துக்காகப் பாடியது 1992-இல்தான். அந்த அற்புதமான குரல் இந்தப் பாட்டை உலகெங்கும் கொண்டுசேர்த்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும், எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட விரும்பி, அவருடைய மேலாளர் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டபோது, இரவெல்லாம் அழுதாலும் கொடுக்க மாட்டேன் என்று நின்றவர் டாலி. எல்விஸுக்கே விட்டுக்கொடுக்காத உரிமையைத் தங்கள் பத்திரிகை ஒரே வரியில் எடுத்து வேறொருவரிடம் கொடுத்துவிட்டது.

அடுத்ததாக, 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' என்ற பாட்டின் தலைப்பைக் கட்டுரையாளர் 'பல நிறக் கந்தல் கோட்டு' என்று தமிழாக்கியிருக்கிறார். யாக்கோபு தன் பிரியமான மகன் யோசேப்புக்குச் செய்வித்த 'பலவருண அங்கி' தமிழ் வேதாகமம் வாசித்த அனைவருக்கும் தெரிந்த சொல். அது கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது கந்தல் எங்கிருந்து வந்தது? யாரோ கொடுத்த துண்டுத்துணிகளை ஒன்றோடொன்று வைத்துத் தைத்தபடியே டாலியின் தாய் அவி லீ மகளுக்கு யோசேப்பின் கதையைச் சொன்னார் என்பதுதான் அந்தப் பாட்டின் உயிர். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் சிரித்தபோது, எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பதே அந்தச் சிறுமிக்கு விளங்கவில்லை, ஏனென்றால் அவள் உடுத்தியிருந்தது யோசேப்பின் அங்கி. அதைக் கந்தல் என்று எழுதும்போது நாம் சிரித்த பிள்ளைகளின் பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுகிறோம். 1969-இல் பேருந்துப் பயணத்தின்போது, கையில் தாள் இல்லாமல் ஒரு சலவைக்கடை ரசீதில் அவர் எழுதிய அந்தப் பாட்டு 1971-இல் வெளிவந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011-இல், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் என் அம்மா தையல்கடையில் மிஞ்சிய வெட்டுத்துணிகளைக் கேட்டு வாங்கிவந்து எனக்கொரு பாவாடை தைத்தார். பச்சைப் பூப்போட்ட துண்டும் செங்கல் நிறத் துண்டும் சேரும் இடத்தில் நூல் தீர்ந்துபோய்க் கறுப்பு நூலால் தைத்திருந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. பின்னாளில் இங்கே வந்து என்னோடு தங்கியிருந்தபோது, இந்தப் பாட்டின் பொருளை வரிவரியாக அவருக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டு முடித்த அம்மா முதலில் கேட்டது, "அந்தத் துணி குளுருக்குக் காணுமாட்டி?" என்பதுதான். கடல் தாண்டிய ஊரில் எழுதிய பாட்டு அம்மாவுக்குப் புரிந்ததுபோல் தங்கள் கட்டுரையாளருக்குப் புரியவில்லையே என்பது என் வருத்தம்.

டாலியின் குடும்பத்தைக் கட்டுரை "எழுத்தறிவற்ற ஏழைக் குடும்பம்" என்ற மூன்று சொற்களில் முடித்துவிட்டது. பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காமவர் அவர். பிரசவம் பார்த்த மருத்துவருக்கு அவருடைய அப்பா ஒரு மூட்டை மக்காச்சோள மாவைத்தான் கூலியாகக் கொடுத்தார். 1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில்லுக்குப் பேருந்து ஏறிய டாலி, வீட்டு நினைவு தாங்காமல் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுதிய கடிதத்தை, 1973-இல் தம் மலைவீட்டைப் பற்றி வெளியிட்ட இசைத்தட்டின் தொடக்கத்தில் தாமே வாசித்திருக்கிறார். மாவு மூட்டை வாங்கிக்கொண்ட அந்த மருத்துவருக்கும் அதே இசைத்தட்டில் ஒரு பாட்டு உண்டு. வீட்டையும் ஊரையும் ஒருவர் இவ்வளவு நுணுக்கமாக எழுதிவைத்திருக்கும்போது, ஏழ்மை என்ற ஒற்றைச் சொல்லை அதன்மேல் போர்த்தி மூடுவது நியாயமாகப் படவில்லை.

அப்பா ராபர்ட் லீ புகையிலை பயிரிட்டவர்; எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்தக் குறையை நெஞ்சில் வைத்துத்தான் டாலி 1995-இல் தம் சொந்த மாவட்டமான செவியரில், பிறந்த நாள்முதல் ஐந்து வயது முடியும்வரை ஒவ்வொரு குழந்தைக்கும் மாதமொரு புத்தகம் இலவசமாக அனுப்பும் திட்டத்தைத் தொடங்கினார். 2004-இல் அது டென்னசி முழுவதற்கும் பரவியது. 2006-இல் பிறந்த என் மகளுக்கு, அவள் பெயரே அச்சிட்ட முகவரிச் சீட்டோடு, மாதந்தோறும் எங்கள் தபால்பெட்டியில் புத்தகம் வந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் செவிலியராகப் பணிபுரியும் இடத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதிய விவசாயி வந்தார். ஒப்புதல் படிவத்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னார். கண்ணாடி அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. நான் எதுவும் கேட்காமல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். கிளம்பும்போது, தன் பேத்திக்குப் புத்தகம் வருவதாகவும், அவள் மடியில் உட்கார்ந்து தனக்கு வாசித்துக் காட்டுவதாகவும் சொல்லிவிட்டு, "டாலியின் அப்பாவும் என்னைப் போலத்தான்" என்றார். எழுத்தறிவற்றவர் என்று இனி ஒருவரை எழுதுமுன் தங்கள் கட்டுரையாளர் இவரை நினைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1987-இல் செவியர்வில் நீதிமன்ற வளாகத்தில் டாலிக்குச் சிலை வைத்தபிறகு, இரவில் ஒரு வாளிச் சோப்புத் தண்ணீரும் துடைப்பமுமாகப் போய், அதன்மேல் விழுந்த பறவை எச்சத்தை அந்த அப்பா தேய்த்துக் கழுவிவிட்டு வருவாராம். டாலியே பேட்டிகளில் சொன்ன செய்தி இது.

இவ்வளவு தூரம் நான் மனம் நொந்து எழுதுவதற்கு ஒரு கட்டுரை மட்டும் காரணமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழில் டாலியைப் பற்றி வந்த துணுக்கு முழுக்க முழுக்க அவருடைய பொய்முடியையும் உடல்வாகையும் பற்றியே பேசியது. அதை ஆட்சேபித்து நான் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தைச் சுருக்கி, பத்திரிகையைப் பாராட்டிய நான்கு வரிகளை மட்டும் வெளியிட்டீர்கள். கெண்டக்கிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, தம் பெற்றோரையும் இல்லறத்தையும் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடிய லொரெட்டா லின் 2022-இல் மறைந்தபோது ஒரு பெட்டிச் செய்திகூடத் தங்கள் இதழில் இல்லை. தம் ஊரைப் பற்றி ஆண் எழுதினால் மண்ணின் கவிஞர் என்று தலைப்பிடும் தாங்கள், அதையே பெண் எழுதினால் ஏழ்மையில் பிறந்த பாடகி என்கிறீர்கள். முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டிவரும் ஒருத்திக்கு இதைச் சொல்லும் உரிமை உண்டென்று நம்புகிறேன்.

அடுத்த இதழில், அந்தப் பாட்டை 1973-இல் எழுதியவர் டாலி பார்ட்டன் என்று ஒரு வரித் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இனி இசைப் பக்கத்தில் எந்தப் பாட்டைக் குறிப்பிட்டாலும் பாடியவர் பெயரோடு எழுதியவர் பெயரையும் சேர்த்து அச்சிடுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடம் போதாதென்றால், என் அம்மாவைப் பற்றிய பகுதியை நீக்கிக்கொள்ளலாம். டாலியின் அப்பாவைப் பற்றிய பகுதியை மட்டும் குறைக்காமல் வெளியிடுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகி,
நாக்ஸ்வில், டென்னசி