பெரியவனுக்கு, ரேசர் விஷயமாக

சயான் கோலிவாடா,
மும்பை

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். சின்னவன் போன ஞாயிற்றுக்கிழமை வந்து மின்விசிறியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போனான். வேறு செய்தி ஒன்றுமில்லை.

குட்டியின் பிறந்தநாள் படம் வந்தது. பிள்ளை நன்றாக வளர்ந்துவிட்டாள். பின்னால் நிற்பது யார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. அம்மாதான் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இதென்ன, சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறானா?" என்றாள். ஆனி மாதத்தில் மாலையாவது ஒன்றாவது. "இந்தக் காலத்தில் எல்லாரும் தாடி வைத்துக்கொள்கிறார்கள்" என்று சொல்லி வைத்தேன். அவள் நம்பவில்லை. நானும் நம்பிச் சொல்லவில்லை.

பொங்கலன்று பேசும்போது, மூன்று பிளேடு ரேசர் கழுத்தில் கொப்புளம் போடுகிறது, என்ன ரேசர் வாங்கலாம் என்று கேட்டாய். அதற்குப் பிறகு நான் அனுப்பிய எதற்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், நீ கடைசியாகக் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு நானும் பதில் சொல்லவில்லை. போனில் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை அது. அதனால்தான் கடிதம்.

முதலில் கழுத்து. அது நம் குடும்பக் கழுத்து. தாத்தாவுக்கும் எனக்கும் உனக்கும் இடப்பக்கம் தாடைக்குக் கீழே முடி கீழிருந்து மேலாக வளர்கிறது. எல்லாரும் மேலிருந்து கீழே இழுக்கிறார்கள் என்று நாமும் இழுத்தால் முடியின் போக்குக்கு எதிரே போகிறோம். அதிலும் மூன்று பிளேடு இருந்தால் முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும், அடுத்தது தோலுக்கு உள்ளேயே வெட்டிவிடும். வெட்டுப்பட்ட முடி சுருண்டு உள்ளுக்குள்ளேயே முளைக்கப் பார்க்கும். கொப்புளம் அப்படித்தான் வருகிறது. உனக்கு ஒரே ஒரு பிளேடு போதும். இரண்டு பக்கமும் கூர் உள்ள, 1904-இல் ஜில்லெட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய அந்தப் பழைய சங்கதி.

எந்த ரேசர் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் கண்ட மட்டில் சொல்கிறேன். முடிக்கும் பிளேடுக்கும் நடுவில் ரேசரின் தலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிளேடின் விளிம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கீழே உள்ள தகட்டுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி, இவ்வளவுதான் கணக்கு. இடைவெளி குறைந்தால் சாது; கூடினால் முரடு. சீப்புப் பல்போலத் தகடு வெட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் பல நாள் தாடிக்கு. உன் படத்தைப் பார்த்தால் முதல் நாள் அதுதான் தேவைப்படும்போல் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம். கத்தரிக்கோலால் குறைத்துக்கொண்டு சாதுவானதில் ஆரம்பி. எண்ணைத் திருப்பி இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிற வகையும் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவனுக்கு அது கெடுதல். தினம் ஒரு எண் வைத்துப் பார்ப்பானே தவிரக் கை பழகாது.

நீ ஜெர்மனி போயிருந்தபோது எனக்கு வாங்கிவந்தாயே, ஜோலிங்கன் ஊரில் செய்த மெர்க்கூர் 34சி, அது அருமையான சாமான். கைப்பிடி குட்டை, தலை கனம், கனமே வேலையைச் செய்துவிடும். கட்டட வாட்ச்மேனிடம்கூடக் காட்டியிருக்கிறேன், என் மூத்த மகன் வாங்கிவந்தது என்று. அவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "வெள்ளியா?" என்று கேட்டார். அதை உனக்கே திருப்பி அனுப்பலாமா என்று யோசித்தேன். பரிசாகக் கொடுத்ததைத் திருப்பி அனுப்பினால் நீ வேறு மாதிரி எடுத்துக்கொள்வாய். நீ எதையும் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறவன், அது உன் அம்மா வழி.

அதனால் பழைய ஜில்லெட் டெக் ஒன்றைத் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இங்கிலாந்தில் செய்தது. மூன்று துண்டு: மேல்மூடி, அடித்தகடு, கைப்பிடி. இதைவிடச் சாதுவான ரேசர் எனக்குத் தெரிந்து இல்லை. சோர் பஜாரில் வாங்கியது. வெள்ளிக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும், விடியற்காலையில் தெருவில் துணி விரித்துப் போட்டு விற்பார்கள். சேண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடந்து போய் செல்போன் வெளிச்சத்தில் தேடுவேன். பழையது வாங்கும்போது மூடியின் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். கோணியிருந்தால் பிளேடு ஒரு பக்கம் மட்டும் கடிக்கும். திருகு மரையில் மஞ்சள் தெரிந்தால் பித்தளை, தைரியமாக வாங்கலாம். இப்போது வருகிற மலிவானவை துத்தநாகக் கலவை. பூச்சு விட்டுப் போனால் உள்ளே அரித்துவிடும்.

ஆலங்குளத்துச் சித்தி மகன் அங்கே பெங்களூரில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி, கப்பன் பார்க்கில். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயாம். அவன் பஸ்ஸில் இருந்ததால் கூப்பிட முடியவில்லையாம். லீவு போட்டிருப்பாய். நல்ல காற்று வருகிற இடம்.

பிளேடைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். ரேசரை மாற்றுவதற்கு முன்னால் பிளேடை மாற்றிப் பார். ஜப்பான்காரனின் ஃபெதர் மிகக் கூர், இப்போது அதைத் தொடாதே. செவன் ஓ கிளாக், டோபாஸ் என்று நம் ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைப்பதே போதும். ஒரு பிளேடு நாலைந்து முறை. அதற்கு மேல் தாத்தாவைப்போல் கஞ்சத்தனம் பண்ணாதே. அவர் காலத்தில் துருப்பிடிக்கிற பிளேடு. கண்ணாடி டம்ளரின் உட்பக்கத்தில் பிளேடை வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, வளைவோடு இப்படியும் அப்படியுமாக இருபது தடவை தேய்ப்பார். கிரீச் கிரீச்சென்று சத்தம் வரும்போது ஆச்சி அடுக்களையிலிருந்து, "டம்ளர் தேயப்போகிறது" என்பாள்.

தண்ணீர்தான் அங்கே உனக்குச் சிக்கல். இங்கே தான்சா, பாட்சா ஏரித் தண்ணீர், சோப்பைத் தொட்டாலே நுரை. உங்கள் அடுக்ககத்தில் லாரியில் வரும் போர்வெல் தண்ணீர் என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். அந்த உப்பில் நுரை திரிந்துபோகும். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் எடுத்துச் சுடவைத்துக்கொள். பிரஷ் அதில் இரண்டு நிமிடம் ஊறட்டும். நுரை தயிர்போல் இருக்க வேண்டும், சோப்புக் குமிழ்போல் அல்ல. கைப்பிடியின் நுனியைப் பிடி. அழுத்தாதே. முப்பது டிகிரி சாய்வு, சின்னச் சின்ன இழுப்பு. சாய்வு சரியாக இருந்தால் தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல் மெல்லிய சரசரப்பு காதில் விழும், விழாவிட்டால் கையை மாற்று. இடப்பக்கக் கழுத்தில் முதல் முறை கீழிருந்து மேலே. அழுத்தாதே. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், பிறகு படிகாரம். எரிந்தால் அழுத்தியிருக்கிறாய் என்று அர்த்தம். நீ எதிலும் அழுத்துகிறவன். பத்தாம் வகுப்பில் எழுதும்போது மூன்று தாளுக்குக் கீழே பேனாத் தடம் விழும்.

இதையெல்லாம் உனக்குப் பதினேழு வயதில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். முதல் முறை நீயாக முகத்தை மழித்துக்கொண்டு, தாடையில் காகிதத்துண்டு ஒட்டியபடி வந்து நின்றாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ரேசரை எங்கே வைத்தாய், தொலைத்துவிட்டாயா?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். உன் கல்யாணப் பந்தியில் சின்ன மாமா தாத்தா ரேசர் கதையை மருமகள் வீட்டாருக்கு நடித்தே காட்டினார். அப்போதும் நீ சிரித்தாய்.

நீ அதைத் தொலைக்கவில்லை, பெரியவனே.

1982 ஜனவரி 18-ஆம் தேதி பம்பாய்த் துணி மில் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது உனக்குத் தெரியும். இரண்டரை லட்சம் பேர் வெளியே நின்றோம். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா, எனக்கும் சம்பளம் நின்றது. மே மாதம் கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்ததே, அம்மா பாயசம் வைத்தாளே. அது மூன்று வாரம்தான். அதற்குப் பிறகு ஆளை நிறுத்திவிட்டார்கள். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. ஐந்து மாதம் சொல்லவில்லை. தினமும் காலை ஏழு மணிக்குத் தாத்தா ரேசரால் மழித்து, படிகாரம் போட்டு, இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டு, அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவோடு கிளம்புவேன். அப்போது ஸ்டேஷனுக்கும் கோலிவாடா என்றுதான் பெயர். விக்டோரியா டெர்மினஸ் வரைக்கும் சீசன் டிக்கெட் வைத்திருந்தேன். அடுத்த ஸ்டேஷன் வடாலாவிலேயே இறங்கிவிடுவேன். ஃபைவ் கார்டன்ஸில் ஒரு பெஞ்ச். சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்பி வருவேன். சம்பளம் என்று அம்மா கையில் கொடுத்தது டோம்பிவிலிப் பெரியப்பாவிடம் வாங்கிய கடன். என் முகத்தைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு சுத்தமான முகம்.

செப்டம்பரில் சீசன் டிக்கெட் தீர்ந்தது. புதுப்பிக்கக் காசில்லை. பெரியப்பாவிடம் மறுபடி போக வாய் வரவில்லை. தாத்தா ரேசரைத் தகரப் பெட்டியோடு சோர் பஜாரில் 30 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். பட்டாளத்திலிருந்து அவர் கொண்டுவந்தது. நான் பம்பாய்க்கு ரயிலேறிய அன்று திருநெல்வேலி ஜங்ஷனில் என் கையில் வைத்தது. அந்தக் காசில் மறுபடி சீசன் டிக்கெட் எடுத்தேன்.

தீபாவளிக்குத் தாத்தா வந்து இறங்கினார். மறுநாள் காலையில், "என் ரேசரை எடு, முகம் மழிக்கணும்" என்றார். நீ வாசலில் கோலி விளையாடிக்கொண்டிருந்தாய். உனக்கு ஆறு வயது. பெரியவன் விளையாட எடுத்துப் போய்ச் சாக்கடையில் போட்டுவிட்டான் என்றேன். வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. தாத்தா கோபப்படவில்லை. "சரி, பிள்ளைதானே" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். நான்தான், அவர் நம்ப வேண்டுமே என்று, உன்னைக் கூப்பிட்டு அடித்தேன். "நான் எடுக்கலைப்பா" என்று மூன்று தடவை சொன்னாய். நாலாவது தடவை, "ஆமாப்பா, நான்தான்" என்றாய்.

அந்தக் குரல் எனக்கு மறக்கவில்லை. எழுபத்தேழு வயதாகிறது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இந்தக் கிழவனுக்கு என்ன பழைய ரேசர் பைத்தியம் என்று சின்னவன் கேட்கிறான். ஒவ்வொரு டெக்கையும் திருப்பிக் கைப்பிடியின் அடியைத்தான் முதலில் பார்ப்பேன். தாத்தா பட்டாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கம், 47, ஆணியால் கீறியிருப்பார். இதுவரை பதினொன்று வாங்கியிருக்கிறேன். உனக்கு அனுப்பியிருப்பது அதில் நல்லது. ஆனால் அதன் அடியிலும் ஒன்றும் இல்லை, நீ தேட வேண்டாம்.

அம்மாவுக்கு ஃபைவ் கார்டன்ஸ் கதை இன்றுவரை தெரியாது. பெரியப்பா சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. கடனைப் பாதிதான் அடைத்தேன்.

இந்தக் கடிதத்தை அம்மா படித்துக் காட்டச் சொன்னாள். ரேசரைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன் என்றேன். "அதற்கு இத்தனை பக்கமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மருமகளிடம் நீ சொல்லியிருக்கிறாயா இல்லையா என்று நான் கேட்கப்போவதில்லை. தாடி எடுப்பதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. இங்கே வருவதானால் ரயிலில் வா. விமானத்தில் வந்தால் பிளேடைக் கைப்பையில் வைக்காதே, பிடுங்கிக்கொள்வார்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய்கிறேன். எடு.

அப்பா