கொக்கரக்கோ இல்லை அப்பா, கொகொரோகோ

லூயிஷம், லண்டன்
17 நவம்பர் 2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் பேசினால் நீங்கள் "சாப்பிட்டியா, குளிர் எப்படி, சரி அம்மாகிட்ட குடுக்கறேன்" என்று மூன்றே பேச்சில் முடித்துவிடுகிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். தம்பியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறேன், அவன் வாசித்துக் காட்டட்டும். நடுவில் சொந்தச் சரக்கைச் சேர்த்தால் நம்பாதீர்கள். நான் நலம். இந்த வாரத்தோடு நைட் டியூட்டி முடிகிறது. இங்கே இப்போது சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இருட்டில் வேலைக்குப் போய், காலையில் வந்து படுத்து, எழுந்தால் மறுபடி இருட்டு. அம்மா அனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

என் வார்டில் ஓர் அக்கா இருக்கிறார். அவருடைய பாட்டி ஜமைக்காவிலிருந்து நர்ஸ் வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். 1948 ஜூனில் விண்ட்ரஷ் என்ற கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து இங்கே ஆட்களைக் கொண்டுவந்து இறக்கியது, அடுத்த மாதமே இந்த நாட்டின் இலவச மருத்துவத் திட்டம் தொடங்கியது. அப்புறம் பல வருடங்களுக்கு அந்தத் தீவுகளிலிருந்து நர்ஸுகள் வந்துகொண்டே இருந்தார்கள். "உனக்கு முன்னாடி எங்க பாட்டி இதே படுக்கையை விரிச்சிருக்காங்க" என்று அக்கா சொல்வார். ராத்திரி மூன்று மணிக்கு டீ குடிக்கும்போது ஒரு நாள் தன் இயர்போனில் ஒரு பக்கத்தை எடுத்து என் காதில் செருகினார். சன்ஸ் ஆஃப் கெமெட் என்ற லண்டன் ஜாஸ் குழு, 2018இல் வந்த ரெக்கார்டு.

அப்பா, அதில் என்னென்ன வாத்தியம் தெரியுமா? ஒரு சாக்ஸபோன், ஒரு டியூபா, இரண்டு டிரம். அவ்வளவுதான். கிடார் இல்லை, கீபோர்டு இல்லை. அந்த டியூபா இருக்கிறதே, நம் பேண்டு செட்டில் யூபோனியம் சித்தப்பா வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஊதுவாரே, அதற்கு அண்ணன் மாதிரி, இன்னும் பெரிசு, இன்னும் அடித்தொண்டை. தியோன் கிராஸ் என்ற பையன் அதை ஊதுகிறான். மூச்சு எப்போது எடுக்கிறான் என்றே தெரியவில்லை. மேலே ஷபாகா ஹட்சிங்ஸ் சாக்ஸபோனில் ஒரே சின்னத் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பி ஊதிச் சூடேற்றுகிறார், இரண்டு டிரம்மும் ஒன்றையொன்று விரட்டுகின்றன. ஜாஸ் என்றால் பெரிய ஹோட்டலில் கோட்டுப் போட்டவர் மெதுவாகப் பியானோ வாசிப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கண்ணை மூடினால் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை அழைப்பு போகிறது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம், முன்னால் ஆடுகிற பசங்கள், சிவப்புக் கோட்டில் ஜரிகை மின்ன நீங்கள் மாப்பிள்ளை காரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்துகொண்டு டிரம்பெட் ஊதுவது. டீ ஆறிப்போய்விட்டது.

அந்த ஷபாகா லண்டனில் பிறந்து பார்படாஸ் தீவில் வளர்ந்தவர். அந்த ரெக்கார்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர். அமெரிக்காவில் அடிமைகளைத் தப்பவைத்த ஹேரியட் டப்மன் பெயரில் ஒன்று இருக்கிறது, இவருடைய சொந்தக் கொள்ளுப்பாட்டி பெயரிலும் ஒன்று. கொள்ளுப்பாட்டி பெயரைக் கொண்டுபோய் அந்த வரிசையில் வைத்ததும் எனக்கு ஆளை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் மனிதர் போன வருடக் கடைசியோடு சாக்ஸபோனைக் கீழே வைத்துவிட்டு இப்போது புல்லாங்குழல் ஊதுகிறார். நீங்கள் டிரம்பெட்டைப் பரணில் ஏற்றிய மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, ஒரே மாதிரி இல்லை. அவருக்குச் சான்ஸ் இல்லாமல் போகவில்லை.

அப்புறம் ஒரு பழைய ரெக்கார்டு கடையில் இந்த லண்டன் ஜாஸ் ஆட்கள் பலர் சேர்ந்த ஒரு தொகுப்பு கிடைத்தது. பெயர் 'வீ அவுட் ஹியர்'. என்னிடம் ரெக்கார்டு பிளேயரே கிடையாது, அட்டைக்காகவே வாங்கினேன் (அம்மாவிடம் சொல்ல வேண்டாம்). 2017 ஆகஸ்டில் மூன்றே நாளில் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசித்து முடித்திருக்கிறார்கள். ஒன்பது பாட்டு, ஒன்பது குழு, ஆனால் ஆட்களைப் பார்த்தால் இவர் அவர் பாட்டில் வாசிக்கிறார், அவர் இவர் பாட்டில் வாசிக்கிறார். முகூர்த்த நாளில் நம் செட்டுக்கு ஆள் குறைந்தால் பழனிக்காரர்களைக் கூப்பிடுவீர்களே, அந்தக் கதைதான். ஜைல்ஸ் பீட்டர்சன் என்ற ரேடியோக்காரரின் பிரவுன்ஸ்வுட் கம்பெனி அதை 2018இல் வெளியிட்டது. அதில் கடைசிப் பாட்டை வாசித்த குழுவின் பெயர் கொகொரோகோ. அம்மாவிடம் போனில் சொன்னேன், "என்னடி, கொக்கரக்கோவா?" என்று சிரித்த சிரிப்பில் போனே கீழே விழுந்துவிட்டது. நைஜீரியாவில் உள்ள உரோபோ மொழியில் அதற்கு 'உறுதியாக இரு' என்று பொருளாம். குழுவுக்குத் தலைவி ஷீலா மாரிஸ்-கிரே, டிரம்பெட் ஊதுகிற பெண். டிரம்பெட் ஊதுகிற பெண், அப்பா. சின்ன வயதில் நான் கேட்டபோது "பொம்பளப் புள்ள ஊதினா உதடு தடிச்சிடும்" என்று சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? கோபமாக எழுதவில்லை, சும்மா சொல்கிறேன்.

இவர்கள் எங்கிருந்து கிளம்பினார்கள் என்று அக்காவைக் கேட்டேன். அவருடைய அண்ணன் மகன் டிரம்பெட் படிக்கிறான், ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிவரப் போனவர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். தேம்ஸ் ஆற்றங்கரையில் சவுத்பேங்க் சென்டர் என்று பெரிய கலை அரங்கம், அதற்குள் வகுப்பு. டுமாரோஸ் வாரியர்ஸ் என்று பெயர். டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் வாசிக்கும் கேரி கிராஸ்பியும் ஜனீன் ஐரன்ஸ் என்பவரும் 1991இல் தொடங்கியது. பிள்ளைகளிடம் ஃபீஸ் வாங்குவதில்லை. கறுப்பினப் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் இந்தப் பக்கம் வரட்டும் என்றே தொடங்கியதாம். நான் மேலே எழுதிய பெயர்களில் பாதிப் பேர் அங்கே சின்னப் பிள்ளைகளாக உட்கார்ந்து வாசித்தவர்கள்தான். முந்தாநாள் வெள்ளிக்கிழமை வெம்ப்ளி அரங்கில் வாசித்தார்களே எஸ்ரா கலெக்டிவ், அவர்களும் அங்கேதான் ஒருவரையொருவர் சந்தித்தார்கள். அண்ணன் டிரம், தம்பி பாஸ் கிடார், கூட மூன்று பேர். பிரிட்டனின் ஜாஸ் குழு ஒன்று அந்த அரங்கத்தில் தன் பெயரிலேயே கச்சேரி நடத்துவது இதுதான் முதல் தடவையாம். எனக்கு டியூட்டி, போக முடியவில்லை, வயிற்றெரிச்சல். இங்கே வருடத்தின் சிறந்த ஆல்பத்துக்கு மெர்குரி பரிசு என்று ஒன்று கொடுப்பார்கள், போன வருடம் அதையும் இவர்கள்தான் வாங்கினார்கள். 1992இல் தொடங்கிய பரிசு, ஒரு ஜாஸ் குழு வாங்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மேடையில் டிரம் வாசிக்கும் அண்ணன், ஃபெமி கொலியோசோ, இது எங்களுக்கு மட்டும் கிடைத்தது இல்லை, பிள்ளைகளுக்கு இசை கற்றுக்கொடுக்க நேரத்தைக் கொட்டுகிற எல்லா அமைப்புகளுக்கும் கிடைத்தது என்ற மாதிரி பேசினார்.

"இனிமே ஊத ஆள் வராது, செண்டை மேளமும் டிஜேயும் போதும் இவங்களுக்கு" என்று நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை அந்த வகுப்பு வாசலில் நின்றுகொண்டு நினைத்தேன். ஆள் வராது என்பது சரியா என்று தெரியவில்லை அப்பா. அந்த அண்ணன் மகனுக்குப் பன்னிரண்டு வயது, பெட்டி அவன் இடுப்புக்கு வருகிறது, அதைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வெளியே வந்து முதல் கேள்வி "சாப்பிட என்ன இருக்கு?" நம் செட்டில் எந்தப் பையனும் இதைத்தான் கேட்பான். வாரம் தவறாமல் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவைத்திருக்கிறார்கள், அதுதான் வித்தியாசம். நம் ஊரில் உங்களிடம் கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்குக் கல்யாணச் சீசனில்தான் வேலை, மற்ற மாதம் தறி. அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். சில ரெக்கார்டுகளில் கீபோர்டு சத்தத்தை அள்ளிக் கொட்டி வாத்தியம் எது என்றே தெரியாமல் செய்திருக்கிறார்கள். இதே தெற்கு லண்டனில் டெட்ஃபர்ட் என்ற இடத்தில் (எழுதும்போது நடுவில் ஒரு 'ப்' இருக்கிறது, சொல்லும்போது விழுங்கிவிடுகிறார்கள்) ரயில் பாலத்தின் வளைவுக்குக் கீழே ஒரு சின்னக் கடையில் வாசிப்பதைக் கேட்கப் போனேன். மேலே ரயில் போனால் கிளாஸ் எல்லாம் அதிர்கிறது. மேடை கிடையாது, வாசிப்பவன் வியர்வை நம் மேல் தெறிக்கும் தூரம். பாதிப் பேர் ஆடுகிறார்கள், பாதிப் பேர் வாசிப்பு நடக்கும்போதே கத்திப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் இருந்தால் நிறுத்திவிட்டு முறைத்திருப்பீர்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது நூபையா கார்சியா. சாக்ஸபோன். அவளுடைய அப்பா டிரினிடாட்காரர், அம்மா கயானாக்காரர், பிள்ளை லண்டனில் கேம்டன். 2020இல் வந்த அவளுடைய 'சோர்ஸ்' ரெக்கார்டில் அந்தப் பெயரிலேயே பன்னிரண்டு நிமிடப் பாட்டு ஒன்று. பாஸ் ஜமைக்கா ரெகே மாதிரி நிதானமாக நடக்கிறது, இவள் அவசரமே படாமல் அதன் மேல் ஏறுகிறாள். வீட்டில் அம்மா அப்பா போட்ட பாட்டை விட்டுவிட்டு வந்து அமெரிக்காக்காரன் மாதிரி வாசிக்கவில்லை, அதைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இந்த செப்டம்பரில் 'ஒடிஸி' என்று புதுசு வந்திருக்கிறது, அதில் வயலின் கூட்டமெல்லாம் வைத்திருக்கிறாள். பெரிய வேலைதான், எனக்கு என்னவோ பழசுதான் ஒட்டுகிறது.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. சாரதி கோர்வார், அகமதாபாத்திலும் சென்னையிலும் வளர்ந்தவர், டிரம்மும் தபேலாவும். குஜராத்தில் சித்தி என்று ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய பாட்டை வைத்து 2016இல் ஒரு ரெக்கார்டு செய்தார். தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அவன் போட்டுக் காட்டுவான்.

முதலில் சன்ஸ் ஆஃப் கெமெட்டைக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், டியூபா கேட்கவே கேட்காது, கொசு பாடுகிற மாதிரி இருக்கும். தம்பியின் ஹெட்போனை வாங்கிக்கொள்ளுங்கள். யூபோனியம் சித்தப்பாவையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள், அவர் என்ன சொன்னார் என்று எனக்கு அப்படியே வேண்டும். தாளம் எங்கேயாவது ஓடினால் சொல்லுங்கள், நீங்கள் கண்டுபிடிப்பீர்கள், எனக்குப் பிடிபடவில்லை.

இன்னொன்று. டிரம்பெட்டைப் பரணிலிருந்து இறக்கினீர்களாம், மூன்று வால்வும் இறுகிக் கிடக்கிறதாம், அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லவே இல்லையே நீங்கள். அந்த அண்ணன் மகன் வாங்கும் கடையிலேயே வால்வு எண்ணெய் இரண்டு பாட்டில் வாங்கிவிட்டேன், இங்கே கூட இருக்கும் பெண் பொங்கலுக்கு மதுரை வருகிறாள், அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். தம்பி பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொள்ளட்டும். அதுவரை வால்வைப் பிடித்து இழுக்க வேண்டாம். இறுகியிருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயும் விட வேண்டாம், போன தடவை மார்கழியில் உறைந்துபோய்ப் பட்ட பாடு போதும்.

உங்கள் மகள்,
செல்வி